கொடி மாறிய கப்பல், செல்லாத டெஸ்ட் ரிப்போர்ட்: ரெண்டு நாள் நஷ்டத்த யார்கிட்ட கேக்கறது?

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு சரக்குக் கப்பல் வாங்கி வேற நாட்டுக் கொடிக்கு மாத்தினோம், டிரை டாக்ல சாட்டிலைட் செட்டும் புதுசா போட்டோம். அடுத்து போன போர்ட்ல இன்ஸ்பெக்டர் வந்து எல்.ஆர்.ஐ.டி. (கப்பல் எங்க இருக்குன்னு தூரத்துல இருந்தே சாட்டிலைட் வழியா கண்காணிக்கிற ஏற்பாடு) டெஸ்ட் ரிப்போர்ட் செல்லாதுன்னு ரெண்டு நாள் கப்பல நிறுத்திட்டார். செட் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. சார்ட்டரர், அதாவது கப்பல வாடகைக்கு எடுத்தவர், ரெண்டு நாள் ஹையர (வாடகைய) கழிச்சுட்டார். வித்தவங்க மேல கேஸ் போடலாமா? பழைய தேதி போட்டு ரிப்போர்ட் வாங்கித் தர்றேன்னு ஒரு சர்வீஸ்காரர் சொல்றார், வாங்கிக்கலாமா?

பதில்: கடைசி கேள்விய முதல்ல முடிச்சுடறேன். அந்த ரிப்போர்ட்ட தொடவே தொடாதீங்க. டெஸ்ட் அன்னிக்கு செட் அனுப்பின ஒவ்வொரு மெசேஜும் எந்தத் தேதி எந்த நேரம்னு சாட்டிலைட் பக்கம் பதிவாயிருக்கும், யாராவது ஒரு கேள்வி கேட்டா போதும், மாட்டிக்குவீங்க. இப்ப உங்களுக்கு இருக்கறது வெறும் பணத் தகராறு. அத போலி ஆவணக் கேஸா மாத்தி, பி அண்ட் ஐ கிளப் (கப்பல் முதலாளிகளோட பொறுப்புக் காப்பீட்டு சங்கம்) கைவிடற அளவுக்குக் கொண்டு போயிடாதீங்க.

சரி, ரிப்போர்ட் ஏன் செல்லாம போச்சு? சோலாஸ்ங்கற சர்வதேச கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்துல 5-ஆம் அத்தியாயம், விதி 19-1 படி வெளிநாட்டுப் பயணம் போற 300 கிராஸ் டன்னும் அதுக்கு மேலயும் உள்ள சரக்குக் கப்பல், அப்பறம் பயணிகள் கப்பல் எல்லாம் தன்னோட அடையாளம், இடம், நேரம் மூணையும் யாரும் கை வைக்காம தானாவே அனுப்பணும். சாதாரணமா 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ, கேட்டா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ வரைக்கும். உங்க செட் அத செய்யுதான்னு கொடி நாடு (கப்பல் பதிவான நாடு) ஏத்துக்கிட்ட ஏ.எஸ்.பி., அதாவது இந்தத் தகவல கடத்தற சேவை கம்பெனி, டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கும், அதுல கப்பலோட ஐ.எம்.ஓ. (சர்வதேச கடல்சார் அமைப்பு) நம்பர்ல இருந்து செட்டோட சீரியல் நம்பர் வரைக்கும் இருக்கும். இந்த ரிப்போர்ட்டுக்கு வருஷாவருஷம் காலாவதி கிடையாது, அதனாலதான் எல்லாரும் இத மறந்துடறாங்க. ஆனா ஐ.எம்.ஓ.வோட 1307-ஆம் சர்க்குலர் தெளிவா சொல்லுது, செட்ட மாத்தினா செல்லாது, கொடி மாறினா செல்லாது, அந்த ஏ.எஸ்.பி.க்கு குடுத்த அங்கீகாரத்த கொடி நாடு வாபஸ் வாங்கினாலும் செல்லாது. நீங்க முதல் ரெண்டையும் செஞ்சிருக்கீங்க.

பல கப்பல்ல கேப்டன் இந்த எடத்துல ஏ.ஐ.எஸ். (பக்கத்துல இருக்கற கப்பல்களுக்கு ரேடியோல தன் அடையாளத்த சொல்ற கருவி) டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுத்து நீட்டுவார். ஏ.ஐ.எஸ். வேற, அதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் உண்டு. அது இதுக்கு பதிலாகாது.

செட் ஓடிட்டு இருந்துச்சேன்னு கேக்கறீங்க. வேடிக்கை என்னன்னா, செட் ரிப்பேராகி நின்னிருந்தா உங்களுக்கு சொல்றதுக்கு ஒரு விதி இருந்திருக்கும். அதே அத்தியாயத்துல விதி 16, ரிப்பேர் வசதி சுலபமா கெடைக்காத போர்ட்ல கருவி பழுதாயிருக்கு, கேப்டன் அதுக்கு மாற்று ஏற்பாடும் பண்ணிட்டார்னா அத காரணம் காட்டி கப்பல தாமதப்படுத்தக் கூடாதுங்குது. உங்களுக்கு பழுதே இல்ல, பேப்பர்தான் இல்ல, அந்த விதி உதவாது. சோலாஸ் முதல் அத்தியாயம் விதி 19-ல, தேவையில்லாம நிறுத்தி வச்சா நஷ்ட ஈடு உண்டுன்னு இருக்குதான், ஆனா செல்லாத ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு தேவையில்லாமன்னு வாதாடறது கஷ்டம். புது டெஸ்ட் முடிஞ்சு ரிப்போர்ட் குடுத்தப்பறமும் சும்மா புடிச்சு வச்சிருந்தாங்கன்னா அந்த நேரத்துக்கு மட்டும் கேளுங்க.

வித்தவங்க மேல கேஸ் நிக்காது. உங்க விற்பனை ஒப்பந்தம் நார்வேஜியன் சேல்ஃபார்ம் 2012-ங்கற பொது மாதிரிப் படிவமா இருந்தா 11-ஆம் கிளாஸ் பாருங்க, டெலிவரி நேரத்துல சர்டிஃபிகேட் எல்லாம் செல்லுபடியா இருக்கணும்னுதான் இருக்கும். டெலிவரி அன்னிக்கு செட்டும் பழசு, கொடியும் பழசு, ரிப்போர்ட் செல்லுபடிதான். அப்பறம் நடந்தது உங்க பக்கம். நீங்க கேள்வி கேக்க வேண்டியது உங்க ஷிப் மேனேஜர்கிட்ட. செட்ட மாத்தறப்ப மறு டெஸ்ட்டுக்கு எழுதிப் போடறது யார் வேலை? ஷிப்மேன் 2009-ங்கற மேனேஜர் ஒப்பந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருந்தா, மேனேஜரோட கவனக்குறைவுக்கு வருஷ ஃபீஸ்ல 10 மடங்கு வரைக்கும் பொறுப்பு உண்டு, ரெண்டு நாள் ஹையர் அதுக்குள்ள தாராளமா அடங்கும்.

சார்ட்டரர் விஷயத்துக்கு வருவோம், எனக்கென்னவோ கொஞ்சமாவது பணம் திரும்பறது இங்கதான்னு தோணுது. பேப்பர் சரியில்லாதத இங்கிலீஷ் கோர்ட் சின்ன விஷயமா எடுத்துக்காது, 1967-ல மேடலின்ங்கற கப்பல் வழக்குல எலி ஒழிப்பு சர்டிஃபிகேட் செல்லாம போனதுக்கே சார்ட்டர ரத்து பண்ணது சரின்னு சொல்லிட்டாங்க. அதனால ஆஃப்-ஹையரே (வாடகை ஓடாத நேரம்) கெடையாதுன்னு சண்டை போடாதீங்க. கப்பல் வாடகைக்கான என்.ஒய்.பி.இ. 1946 ஃபார்ம்ல 15-ஆம் கிளாஸ் உண்மையில வீணான நேரத்துக்குத்தான் ஹையர கழிக்கச் சொல்லுது. அந்த ரெண்டு நாள்ல சரக்கு ஏத்தறது எறக்கறது நடந்துச்சா? நடந்திருந்தா, எப்படியும் பெர்த்துலதான் நின்னிருக்கும், அந்த மணி நேரங்கள கழிக்க அவருக்கு உரிமை இல்லன்னு வாதாடலாம். உடனே போர்ட் ஏஜென்ட்கிட்ட ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் (போர்ட்ல என்னென்ன எப்ப நடந்துச்சுங்கற பதிவு) வாங்குங்க, ஹேட்ச் (சரக்கு அறை மூடி) தெறந்தது மூடினது எல்லாம் நேரத்தோட இருக்கற காப்பி. அது கைக்கு வந்தப்பறம் சார்ட்டர்பார்ட்டியோட (வாடகை ஒப்பந்தத்தோட) எனக்கு அனுப்புங்க, அதுக்கு முன்னாடி சார்ட்டரருக்கு நீங்களா எந்த மெயிலும் போட வேணாம்.