ஸ்பைக்கிங் நியூரான் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கும் உங்கள் மகள், மூளை நரம்பணுவைப் போல மின்துடிப்பால் பேசும் செயற்கை நியூரானான ஸ்பைக்கிங் நியூரானில்தான் மேலே படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், அந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரம்கூடக் கண்ணில் படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேம்பஸ் இண்டர்வியூவில் இதற்கென்று ஆள் எடுப்பது அரிதுதான். இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருக்கும் துறை. பி.இ. முடித்த கையோடு அவர் சம்பளம் வந்தால்தான் வீடு ஓடும் என்றால், அதை இப்போதே அவரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

மற்றபடி, பெண் நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். மூளை சுமார் 20 வாட்டில் இத்தனை வேலையும் பார்க்கிறது. அதன் நியூரான்கள் தேவைப்படும்போது மட்டும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். அதே பாணியில் இன்டெல் 2017இல் லோய்ஹி சிப்பைக் கொண்டுவந்தது. சிப் செய்தாயிற்று, அதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் பாடாய்ப் படுத்துகிறது. துடிப்பு ஒன்று வரும், இல்லை வராது. நடுவே கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்க வழியில்லை. அதனால் பிழையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு இணைப்புகளைச் சிறுகச் சிறுகத் திருத்தும் வழக்கமான பேக்புரொப்பகேஷன் முறை அங்கே முட்டி நின்றுவிடும்.

இதைத் தாண்ட இரண்டு வழிகள். ஒன்று, மூளையைப் பார்த்து எடுத்த எஸ்.டி.டி.பி., அதாவது துடிப்புகளின் நேரத்தை வைத்து இணைப்பைத் திருத்துவது. முதல் நியூரான் துடித்த சில மில்லிசெகண்டில் அடுத்தது துடித்தால் இணைப்பு வலுக்கும். வரிசை புரண்டால் நலியும். பீ, பூ என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் எலி நியூரான்களில் இதை அளந்தே காட்டினார்கள். இன்னொன்று சரோகேட் கிரேடியன்ட்: கற்கும்போது மட்டும், துடிப்பு ‘வரும், வராது’ என்ற அந்தச் செங்குத்துப் படிக்குப் பதில் ஒரு சரிவை வைத்துக் கணக்குப் போடுவது. துல்லியத்தில் இதன் கைதான் ஓங்கியிருக்கிறது. முதலாவதன் மேல் எனக்குக் கொஞ்சம் மோகம் உண்டு, அது வேறு விஷயம்.

இந்த செமஸ்டரிலேயே அவர் ஒன்று செய்யட்டும். எம்னிஸ்ட் என்ற தொகுப்பில் உள்ள கையெழுத்து எண்களை அடையாளம் காண இரண்டு வழியிலும் பழக்கிப் பார்க்கட்டும். சரோகேட்டுக்கு எஸ்.என்.என்.டார்ச், எஸ்.டி.டி.பி.க்கு பிரையன், இரண்டு மென்பொருளும் இலவசம், வீட்டு லேப்டாப் போதும். எண்கள் சரியாக வராத இரவுகளிலும் சலிக்காமல் உட்கார்ந்தால் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குத் தயாராகலாம். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் இத்துறையில் ஆய்வு நடக்கிறது. செலவை நினைத்துக் கலங்க வேண்டாம்: பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும்.

சரி, பாதியில் மனம் மாறினால்? இதற்காகப் பழகும் பைத்தான் மொழி, ஏ.ஐ.க்கான பைடார்ச், சிப் வடிவமைக்கும் வெரிலாக் மொழி மூன்றையும் வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு), ஏ.ஐ. கம்பெனிகள் இன்றைக்கே கேட்கின்றன. அதிலும் வெரிலாக்கை மட்டும் அவர் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.