யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் செயற்கைக்கோள் இணையத்தில் டேட்டா குறைகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து உட்பகுதியில் இருக்கும் உங்கள் வீட்டில், எல்லோரும் உறங்கிய பிறகும் மாத டேட்டா கரைகிறது என்றும், வைஃபை கடவுச்சொல்லை மாற்றியும் கணினிகளில் வைரஸ் சோதனை செய்தும் பயனில்லை என்றும், இணைப்பு தரும் நிறுவனம் "நீங்கள் பயன்படுத்தியதுதான்" என்ற பதிலையே திரும்பச் சொல்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியூ சவுத் வேல்ஸில் டப்போவுக்கு மேற்கே ஒரு பண்ணை வீட்டில் வசிக்கும் நானும் நான்கு மாதங்கள் இதே நிலையில் இருந்தேன். எங்கள் திட்டத்தில் காலை 7 மணி முதல் நள்ளிரவுக்குப் பிறகு 1 மணி வரைக்கு 60 ஜிபியும், 1 மணி முதல் 7 மணி வரைக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பகல் ஒதுக்கீடு 17ஆம் தேதியே தீர்ந்துவிடும். அதன்பின் வேகம் குறைக்கப்பட்டு, மகளின் இணைய வகுப்பு நடுவில் அறுந்துபோகும், கும்பகோணத்திலிருக்கும் அம்மாவின் முகம் திரையில் உறைந்து நிற்கும். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், நான் ஒன்று கேட்டு அம்மாவின் பதில் வர எப்படியும் அரை விநாடிக்கு மேல் கூடுதலாகிறது. அந்தத் தாமதத்தோடு வாழப் பழகியிருந்தோம். பேச்சே நின்றுபோவதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் செய்த தவறு, "யார் பயன்படுத்துகிறார்கள்" என்ற கேள்வியோடு தொடங்கியது. அந்தக் கேள்வி முதலில் பிள்ளைகள் மீதும், பிறகு வைரஸ் மீதும், கடைசியில் நிறுவனத்தின் மீதும் சந்தேகத்தை வளர்த்ததே தவிர, ஒரு ஜிபியைக்கூட மிச்சப்படுத்தவில்லை. அடுத்த வீடே 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எனக்கு வைஃபை திருட்டு என்ற எண்ணமும் வந்தது என்றால், மனம் எவ்வளவு குழம்பியிருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். "எப்போது செலவாகிறது" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் விடை கிடைத்தது.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. இன்றிரவு படுக்கப் போகும்போது நிறுவனத்தின் பயன்பாட்டுப் பக்கத்தில் உள்ள எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளைக் கழற்றிவிடுங்கள். மோடத்தை மட்டும் அணைக்காமல் விடுங்கள். காலையில் கேபிளை மாட்டியவுடனே ஒரு கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல நிறுவனங்களின் பக்கம் சில மணி நேரம் தாமதமாகவே புதுப்பிக்கப்படும் என்பதால், மதியம் இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். கேபிள் கழன்றிருந்த நேரத்துக்கும் பயன்பாடு பதிவாகியிருந்தால் தவறு உங்கள் வீட்டில் இல்லை. அந்த எண்களைத் தேதி, நேரத்தோடு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்; அங்கே தீராவிட்டால் தொலைத்தொடர்புத் துறைக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். எங்கள் வீட்டில் கேபிள் கழன்றிருந்த பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கணக்கு பூஜ்யம். ஆக, கசிவு எங்கள் சுவர்களுக்குள்ளேதான் இருந்தது.

அடுத்து வேண்டியது மணிவாரியான கணக்கு. நிறுவனத்தின் பக்கம் நாள்வாரியாக மட்டுமே காட்டியதால், ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருளை ஏற்றிய ரவுட்டர் ஒன்றை வைத்து, ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு இறக்குகிறது (டவுன்லோட்), எவ்வளவு ஏற்றுகிறது (அப்லோட்) என்று பதிவு செய்தேன். இந்த இடத்தில் ஒரு வாரத்தை நான் வீணாக்கினேன். நீங்கள் வீணாக்க வேண்டாம். ரவுட்டர் காட்டிய மொத்தம் நிறுவனம் காட்டியதில் பாதிகூட இல்லை. பல ரவுட்டர்கள் வேகத்துக்காகப் போக்குவரத்தைத் தனிச் சிப்பின் வழியே நேராக அனுப்பிவிடுகின்றன. அப்படிப் போவது எண்ணும் மென்பொருளின் கண்ணில் படுவதில்லை. ஆஃப்லோடிங் என்ற அந்த வசதியை அணைத்ததும் இரண்டு கணக்குகளும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மிச்சமிருந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணங்கள் உண்டு: ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட்டாக எண்ணுபவரும் 107 கோடிக்குச் சற்று மேலாக எண்ணுபவரும் இருக்கிறார்கள், அதிலேயே 7 விழுக்காட்டு இடைவெளி வந்துவிடும். ஒரு நாள் என்பதை உலகப் பொது நேரப்படி எண்ணும் பக்கமாக இருந்தால், குவீன்ஸ்லாந்தில் காலை 10 மணிக்குத்தான் நாள் மாறும். புதன் விடியற்காலையில் செலவானது செவ்வாய்க்கிழமைக் கணக்கில் நிற்கும். உங்களுடையது ஸ்கை மஸ்டர் பிளஸ் என்ற செயற்கைக்கோள் இணையத் திட்டமாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதில் கணக்கில் சேராத வகைப் போக்குவரத்தும் விபிஎன் (போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியே அனுப்பும் வசதி) வழியாகப் போனால் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். ஒரு கைபேசியில் எப்போதோ நிறுவிய விபிஎன் செயலி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மணிவாரிப் பதிவு ஐந்தே நாளில், பயன்பாடு உயர்ந்து நிற்கும் இரண்டு மேடுகளைக் காட்டியது. முதலாவது, இரவு 10 மணிக்குத் தொடங்கி 1 மணியையும் தாண்டிப் போனது. எல்லா நாளும் இல்லை, வாரத்தில் மூன்று நாள்கள். அது தொலைக்காட்சியில் செருகியிருந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக். நாங்கள் தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்தோம். திரைதான் அணைந்தது, ஸ்டிக் அடுத்தடுத்த காணொளிகளை இறக்கிக்கொண்டே இருந்தது. "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்டு நின்றுவிடும் செயலிகள் உண்டு, எல்லாச் செயலிகளும் அப்படி நிற்பதில்லை. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகக்கூடும் என்னும்போது, பகல் ஒதுக்கீட்டின் கடைசி மூன்று மணி நேரம் எங்கே போனது என்பது விளங்கிவிட்டது. இப்போது ஸ்டிக்குக்கான மின்சாரத்தைச் சுவர் சுவிட்சிலேயே அணைக்கிறோம்; தானாக அடுத்ததை ஓட்டும் வசதியையும் நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது மேடு எனக்கு நெடுநாள் தெரியாமலே இருந்ததற்குக் காரணம், நான் இறக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான செயற்கைக்கோள் திட்டங்களில் ஏற்றமும் ஒதுக்கீட்டிலிருந்தே கழியும். தண்ணீர்த் தொட்டி அருகே நான் பொருத்தியிருந்த கேமரா, ஏதாவது அசைந்தால் பதிவு செய்து மேகச் சேமிப்புக்கு அனுப்பும். அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் தண்ணீருக்கு வரும். காற்று வீசினால் எதிரே உள்ள யூகலிப்டஸ் கிளை ஆடும். கேமராவுக்கு இரண்டும் அசைவுதான். விநாடிக்கு 1 மெகாபிட் என்பது பார்ப்பதற்குச் சிறிய எண். ஆனால் அதே அளவில் தொடர்ந்து ஏற்றினால் மணிக்கு 450 எம்பி, நாள் முழுவதும் ஓடினால் 10.8 ஜிபி. எங்கள் கேமரா காற்றடித்த நாள்களில் நான்கைந்து மணி நேரம் ஏற்றியிருந்தது. கண்காணிப்பு வட்டத்தைத் தொட்டியின் கதவளவுக்குச் சுருக்கி, பதிவை உள்ளேயே மெமரி கார்டில் வைக்கும்படி மாற்றியதும் அந்த மேடு மறைந்தது.

மற்றவை சில்லறைச் செலவுகள். விண்டோஸ் கணினிகளில் இந்த வைஃபையை "மீட்டர்டு" (அளவுக்கு உட்பட்ட) இணைப்பு என்று குறித்துவிட்டால் பெரும்பாலான புதுப்பிப்புகள் பின்னணியில் இறங்குவது நிற்கும். கைபேசிகளின் புகைப்படக் காப்பை இரவு ஒதுக்கீட்டு நேரத்தில் மட்டும் நீங்களே இயக்குங்கள். பாதியில் அறுந்தால் தொடக்கத்திலிருந்தே மீண்டும் இறக்கும் புதுப்பிப்பான்களும் இருக்கின்றன. ஒரே கோப்பு மழை நாளில் மூன்று முறை இறங்கியதை எங்கள் பதிவில் கண்டேன். ரவுட்டரின் பட்டியலில் முன்பின் தெரியாத சாதனம் தென்பட்டால் உடனே பதற வேண்டாம். இன்றைய கைபேசிகள் தங்கள் உண்மையான சாதன முகவரிக்குப் பதில் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு முகவரியைக் காட்டுவதால், உங்கள் வீட்டுக் கைபேசியே அந்நியன்போலத் தெரியலாம்.

உங்கள் கேள்வியில் இரவு நேரம் என்று மட்டும் இருக்கிறது. அது 1 மணிக்கு முன்பா பின்பா, ஏற்றமா இறக்கமா என்பது இல்லை. கேபிள் சோதனையின் முடிவையும், வீட்டில் கேமரா, ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போன்றவை எத்தனை உண்டு என்பதையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்த எண்களை வைத்து அடுத்து எந்தச் சாதனத்தைக் கழற்றிப் பார்ப்பது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.