ரிவோல்வரில் தெரியும் பொன்: பதிப்பா, முலாமா?

பழைய பாணிக் கருமருந்து ரிவோல்வர்களில் இருக்கும் தங்கப் பூவேலை, பள்ளம் வெட்டிப் பொன்னை இருத்திய உண்மையான பதிப்பா, மேலே பூசிய வெறும் முலாமா, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மட்டக்களப்பில் நகைப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். துப்பாக்கி எதுவும் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் இரும்பில் பொன்னை இருத்தும் வேலையை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

நகையில் செய்வது போல இங்கே பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதில்லை. பொன்னைப் பிடித்திருப்பது பள்ளத்தின் வடிவம்தான். பூவேலையின் கோடுகளை உளியால் வெட்டிய பிறகு, அடியில் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்ளே குடைவார்கள். வாய் ஒடுங்கி, வயிறு அகன்று, குடத்தைப் போல இருக்க வேண்டும். அடித்தளத்திலும் சின்னச் சின்னப் பற்களைக் கிளப்பிவிடுவார்கள். அதில் 24 கரட் கம்பியை வைத்துத் தட்டினால், பொன் நசுங்கி அந்தக் குடைவுக்குள் பரவி மாட்டிக்கொள்ளும். 22 கரட்டில் செம்பு கலந்திருப்பதால் அப்படி இளகிப் பரவாது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அம்மம்மாவின் பாக்குவெட்டியில் ஒரு கொடி பதித்துக் கொடுக்க ஆசைப்பட்டு, பட்டறையில் மிஞ்சியிருந்த 22 கரட் கம்பியை எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில், பாக்கு வெட்டும்போது கம்பியின் நுனி கிளம்பி அவரின் விரலைக் கீறிவிட்டது. அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "வாய் வடிவா வெட்டியிருக்கிறாய் மகன், அடியைக் குடையவே இல்லையே" என்றார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லென்ஸ் வைத்துப் பொன்னின் ஓரத்தைப் பாருங்கள். பதிப்பில் பொன் எஃகின் மட்டத்துக்குச் சமமாகவோ மேலே புடைத்தோ நிற்கும், ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். புடைத்த பொன்னின் மேலேயே இறகு, இலை நரம்பு எல்லாம் செதுக்கியிருப்பார்கள். முலாம் வெட்டின் பள்ளத்துக்குள்ளும் ஒரே மெல்லிய படலமாக ஓடும், கை உரசும் விளிம்புகளில் தேய்ந்து அடி உலோகம் தெரியும். எஃகுக்கு நீலம் ஏற்றும்போது, அதாவது அதன் மேற்பரப்பைக் கருநீலமாக்கும்போது, பொன்னில் அந்த நிறம் பிடிக்காது. அந்தக் கருநீலத்தில் பொன் மின்னுவது எனக்குக் கொள்ளை விருப்பம்.

ஆனால் துப்பாக்கியில் இருக்கும் சித்திரம் எல்லாமே கைவேலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் (Colt) 1851 நேவி மாதிரியில், குண்டுகளை வைக்கும் சுழல் உருளையில் இருக்கும் கடற்போர்க் காட்சி, 1843இல் மெக்சிக்கோவின் கம்பேச்சேயில் நடந்த சண்டை, அச்சு உருளையால் அழுத்தி எடுத்தது. ஆகவே அந்த மாதிரித் துப்பாக்கிகளில் எல்லாம் அதே படம்தான். கையால் செய்ததன் உச்சம் பார்க்க வேண்டுமென்றால், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாமுவேல் கோல்ட் ஒட்டோமான் சுல்தான் அப்துல்மெஜித்துக்குக் கொடுத்த, பொன் பதித்த டிரகூன் என்ற மாதிரி ரிவோல்வரைத் தேடிப் பாருங்கள். 1853 அளவில் செய்தது, இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை நான் எத்தனையோ இரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

இத்தாலியின் உபேர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்கள் பழைய ரிவோல்வர்களைப் பார்த்து இன்று செய்யும் பிரதிகளை வாங்கும் எண்ணம் இருந்தால், பூவேலை கையால் வெட்டியதா, இயந்திரம் வெட்டியதா என்று முதலில் கேளுங்கள். வெட்டின் ஆழமும் அகலமும் கோடு முழுக்க ஒரே சீராக இருந்தால் அது இயந்திரமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கை உளி திரும்பும் வளைவில் கோடு தடித்து, முடிவில் மயிரிழையாக மெலியும்.