பூவுக்குக் கன்னம் வைக்கிற கருவண்டு

கேள்வி: எங்க வீடு கானாடுகாத்தான் பக்கம். கொல்லையில கெணத்தடியில தங்க அரளி ரெண்டு செடி நிக்குது, மஞ்சமஞ்சேர்னு பூத்துக் கொட்டுது. ஒரு மாசமா பாக்குறேன், கீழ விழுற பூவுல பாதிக்கு மேல அடிப்பக்கம் பிளேடால கீறுன மாதிரி கோடு இருக்கு. பெரிய கருவண்டு ஒண்ணு பூவுக்குள்ள போகாம வெளியவே ஒக்காந்து என்னமோ பண்ணுது. அதேதான் பந்தக்கால் மூங்கிலையும் தொளைச்சு வச்சிருக்கு. மண்ணெண்ணெய ஊத்தச் சொல்லி எங்க ஐயா சொல்றாக. ஊத்தவா சார்?

பதில்: ஊத்தாதீங்க ஆச்சி. மொதல்ல அதச் சொல்லிட்டு மத்தத பேசுவோம்.

செடிக்கு வியாதி ஒண்ணும் இல்ல, நீங்க பாத்தது தேன் திருட்டு. முகப்பு வழியா வந்து வளவத் தாண்டிப் போறத விட்டுட்டு பின்கட்டுச் சுவத்துல கன்னம் வச்சு நேரா பெட்டகத்துல கைய விடுற மாதிரி. தங்க அரளிப் பூவு குழல் மாதிரி இருக்குல்ல, அதோட அடியில சூலகத்தச் (பின்னால காயாகுற பாகம்) சுத்தித்தான் தேன் இருக்கு. மகரந்தப்பை, மகரந்தத்த வாங்கிக்கிற சூல்முடி எல்லாம் குழலோட மேல்கூரைய ஒட்டி இருக்கும், அதனால வாய் வழியா நுழையிற தேனீக்கு முதுகுல மகரந்தம் ஒட்டிக்கும், அடுத்த பூவுல போய் அது இறங்கும். கருவண்டும் மரத்தத் தொளைக்கிற ஒரு தேனீ வகைதான், ஆனா அதுக்கு ஒடம்பு பெருசு, அந்த வழியில நுழைய செரமம், அதான் அது வெளிய ஒக்காந்து, நாக்க மூடியிருக்குற கெட்டியான ஒறை இருக்கு பாருங்க அதக் கத்தி மாதிரி வச்சு அடியில கீறி உறிஞ்சிட்டுப் போயிருது. மகரந்தத்தத் தொடவே இல்ல. அது போனப்பறம் அதே கீறல்ல சின்னத் தேனீ, எறும்பு எல்லாம் வந்து மிச்சத்தக் குடிக்கும். அதுகளுக்குக் கீறத் தெரியாது, தெறந்த வழியில வரத்தான் தெரியும்.

ஒரு காரியம் செஞ்சு பாருங்க ஆச்சி, காலையில புதுசா விரிஞ்ச பூ ஒண்ண எடுத்து உள்ள மேல்பக்கம் நுனியில ரெண்டு இதழா பிரிஞ்சு நிக்கிற சூல்முடிய ஒரு ஈர்க்குச்சியால லேசா தொடுங்க. கொஞ்ச நேரத்துலயே ரெண்டும் வாய மூடிக்கும். உள்ள நுழையிற தேனீக்காக அப்படி ஒரு ஏற்பாடு! நான் முப்பது வருஷமா பிள்ளைகளுக்குக் காட்டிட்டு இருக்கேன், இன்னும் எனக்கு அலுக்கல.

இதெல்லாம் புதுசா கண்டதும் இல்ல. பூவையும் பூச்சியையும் ஆராய்ஞ்ச ஜெர்மனிக்காரர் ஸ்ப்ரெங்கல் 1793லயே எழுதிட்டாரு. டார்வின் 1841ல ஒரு தோட்டக்கலைப் பத்திரிகைக்கு, பம்பிள் தேனீ (ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீ) பூவுல ஓட்ட போடுறதப் பத்தி வாசகர் கடிதம்தான் எழுதினாரு, நீங்க இப்ப எழுதியிருக்கீங்கல்ல அது மாதிரி.

சரி, செடிக்கு நட்டமா? பூவுக்குப் பூ மாறும். அமெரிக்காவுல கொலராடோ மலையில ஒரு செவப்புக் காட்டுப்பூவ ஆராய்ச்சி பண்ணுனாங்க, தேனீ நெறைய ஓட்ட போட்ட செடிகள ஹம்மிங்பேர்டு (தேன் குடிக்கிற குட்டிப் பறவை) ஒதுக்கிட்டுப் போனதால வெத கொறஞ்சுபோச்சு. அது நட்டம். ஆனா எல்லா எடத்துலயும் அப்படி இல்ல, சில பூவுல திருட வந்ததே மேல கீழ நடக்கையில வயித்துல மகரந்தத்த அப்பிக்கிட்டுப் போயிருது, இன்னும் சிலதுல தேன் கொறையக் கொறைய நல்ல தேனீ ஒரே செடியில குந்தியிருக்காம செடி விட்டு செடி அலையுது. நம்ம பக்கம் ஒரே கோயில் ஒரே பிரிவுப் பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ண மாட்டோம்ல, செடிக்கும் அதே மாதிரி வேற செடி மகரந்தம் வந்து சேந்தா நல்லதுதான். ஒங்க தங்க அரளியில நீளமா காய் தொங்குதான்னு பாருங்க. தொங்குனா கவலையே வேணாம்.

மூங்கில் விஷயம். கருவண்டு மரத்தத் திங்காது. தொளைச்சு உள்ள மகரந்தத்தையும் தேனையும் பெசஞ்சு ஒரு உருண்ட வச்சு, அதுமேல முட்ட போட்டு, மரத்தூளால தடுப்புக் கட்டி, அடுத்த அற, அடுத்த உருண்டன்னு போகும். நல்ல மரத்துக்கு வார்னிஷோ பெயிண்டோ அடிச்சிருங்க, வெறும் மரம்னாதான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய காஞ்ச மூங்கில் துண்டு நாலு கொல்லை மூலையில கட்டித் தொங்கவிட்டீங்கன்னா அங்க போக வாய்ப்பிருக்கு. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, மூஞ்சிக்கு நேரா வந்து ரீங்காரம் போடும், அவ்வளவுதான். பொட்டை கைல புடிச்சு நசுக்குனாத்தான் கொட்டும்.

ஐயாகிட்ட இதையும் சொல்லுங்க: ஒங்க கொல்லை முருங்கைக்கும், வரப்புல போட்ட தொவரைக்கும், கண்மாய்க்கரை எருக்குக்கும் காய் பிடிக்க ஒழைக்கிறதுல அதே கருவண்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. எருக்கம்பூவுல மகரந்தம் தூளா இருக்காது, ரெண்டு சின்ன மெழுகுப் பை மாதிரி ஜோடியா கொக்கி போட்டு இருக்கும், வண்டோட காலுல மாட்டி இழுத்துக்கிட்டு வரும். அத இழுக்கப் பெலம் வேணும், கருவண்டுக்கு அது இருக்கு.

கேள்வி: ஆவாரம்பூவுல தேனே இல்லைன்னு எங்க மிஸ் சொன்னாங்க. அப்ப கருவண்டு எதுக்கு அங்க வருது? (பத்தாம் வகுப்பு மாணவி, தேவகோட்டை)

பதில்: ஒங்க மிஸ் சொன்னது சரிம்மா. தேன் கிடையாது, அதனால திருடவும் ஒண்ணும் இல்ல, மகரந்தம் மட்டும்தான். ஆவாரம்பூவோட மகரந்தப்பை முழுசா பிளக்காது, நுனியில சின்ன ஓட்டதான். கருவண்டு அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, றெக்கைய அடிக்காம பறக்குற தசைய மட்டும் அதிரவைக்கும், உப்பு டப்பாவ ஆட்டுனா கொட்டுதுல்ல அப்படி மகரந்தம் கொட்டும். நடுவுல இருக்குற குட்டைப்பை வண்டுக்குத் தீனி, வெளிய நீண்டு நிக்கிறது ஒடம்புல பூசி அனுப்ப. பறந்து வரும்போது ஒரு சத்தம், பூவுல ஒக்காந்ததும் "ஞீ"ன்னு சன்னமா வேற சத்தம். காலையில ஸ்கூலுக்குப் போற வழியில ரோட்டோர ஆவாரஞ்செடிக்கிட்ட நின்னு கேளு. சாதாரண தேனீக்கு இப்படி அதிரவைக்க வராது.

கேள்வி: செம்பருத்திய தேன்சிட்டு பக்கவாட்டுல குத்துது. வெரட்டவா? (பள்ளத்தூர்)

பதில்: வெரட்டாதீங்க. அதுவும் தேன் திருட்டுதான், ஆனா நம்ம வீட்டு அடுக்குச் செம்பருத்தி எப்படியும் வெத வைக்கிறது அபூர்வம், கொம்பு ஒடிச்சு நட்டுத்தான வளக்குறோம். சின்ன வயசுல இட்லிப்பூவப் பிடுங்கி அடியில உறிஞ்சுவோமே, அந்த ஒரு சொட்டு ருசி ஞாபகம் இருக்கா? சிட்டு வர்றதும் அதுக்குத்தான்.