தாரா ஏன் ஒளிந்து படித்தாள்?

கேள்வி: 1995-ல் குளோபோ தொலைக்காட்சியில் வந்த ‘எஸ்ப்ளோஜி கொரசாவ்’ என்ற பிரேசில் தொடரை நானும் மகளும் இணையத்தில் சப்டைட்டிலோடு பார்க்கிறோம். ரோமா (ஜிப்சி என்று சொல்வார்களே, அந்த இனம்) குடும்பத்துப் பெண் தாராவைச் சின்ன வயதிலேயே இகோருக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். அவளோ ரோமா அல்லாத ஜூலியோவை விரும்புகிறாள். (அவள் வீட்டுக்குத் தெரியாமல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் காட்சிகளை ஓட்டிவிடுவோம்.) பெற்றவர்கள் கொடுத்த வாக்குதான் பெரிது என்கிறேன் நான். காதல்தான் என்கிறாள் மகள். தினமும் சண்டை. யார் சொல்வது சரி?

பதில்: வாக்கா, காதலா என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. நீங்கள் ஓட்டிவிட்ட இடத்தில்தான் கதையே இருக்கிறது.

தாரா முதலில் மறைத்தது படிப்பைத்தான். ஜூலியோவை அவள் கணினி அரட்டையில் சந்தித்ததெல்லாம் அப்புறம். படிக்க ஆசை என்பதையே வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவள், ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று எந்த தைரியத்தில் சொல்வாள்?

அதற்காகத் தாராவின் அப்பாவைக் கொடியவனாக்க மாட்டேன். 1718-ல் போர்ச்சுகல் அரசு ரோமா குடும்பங்களைப் பிரேசிலின் பாயியாவுக்கு நாடுகடத்தியபோது, பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியைக் கற்றுத்தரக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. ஹங்கேரியில் பதினெட்டாம் நூற்றாண்டில் அரசி மரியா தெரசா ஆட்சியில் பிள்ளைகளையே பெற்றோரிடமிருந்து பிடுங்கி வேறு குடும்பங்களில் விட்டார்கள். செக் குடியரசில் ரோமா குழந்தைகளை அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் தள்ளியது பாகுபாடுதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007-ல். இவ்வளவு பட்ட சனம் வெளியாருடைய பள்ளிக்கூடத்தைக் கண்டு மிரளுவதும், பெண்ணைத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொடுத்தால்தான் நிம்மதி என்று நினைப்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஒரு பெண்ணின் படிப்பைக் காவு கொடுப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

வாக்குக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். அது அவர்களைத்தான் கட்டும். விவரம் தெரியாத வயதில் இருந்த இரண்டு பிள்ளைகளைக் கட்டாது. அதே சமயம் தாராவுக்கும் கடமை உண்டு. இதில் நான் பழைய ஆள்தான். விருப்பமில்லை என்றால் இகோரிடம் நேரில் சொல்லியாக வேண்டும். அவனைக் காத்திருக்க வைத்துவிட்டு இன்னொருவனோடு பழகுவது துரோகம். ஜூலியோ கல்யாணமானவன் வேறு. அதைப் பற்றி நீங்களும் மூச்சு விடவில்லை, உங்கள் மகளும் விடவில்லை!

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மகள் என்ன படிக்கிறாள், மேற்கொண்டு என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. யாரோ தாராவின் கல்யாணத்துக்காகத் தினமும் மல்லுக்கட்ட நேரம் இருக்கிறது, இதைக் கேட்க நேரமில்லையா? இன்று ராத்திரி தொடரைப் போடாதீர்கள். உங்களிடம் கேட்கத் தயங்கி அவள் மனதுக்குள் வைத்திருக்கும் படிப்பு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வெளியூர், செலவு, கல்யாண வயது என்று உடனே ஆரம்பிக்காமல், அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.