ஏர்பேக் விளக்கும் குழந்தை சீட் சென்சாரும்: கேள்வி பதில்

முன் பயணி சீட்டில் இருப்பது பெரியவரா, குழந்தை சீட்டா என்று காருக்குச் சொல்லும் சென்சாரைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏர்பேக் வெடிப்பானுக்குப் போகும் வயரில், அதாவது அந்த மஞ்சள் கனெக்டரில், மல்டிமீட்டர் வைக்காதீர்கள்.

கேள்வி: சீட்டை முன்னே பின்னே நகர்த்தினால் மட்டும் ஏர்பேக் விளக்கு எரிகிறது. சென்சார் மேட்டை (குஷனுக்கடியில் இருக்கும் சென்சார் விரிப்பு) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நகர்த்தும்போது மட்டும் வருகிறது என்றால் மேட்டைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர்க்கட்டு சீட்டோடு சேர்ந்து போய் வருகிறது, ஒவ்வொரு அசைவிலும் கனெக்டருக்குள் பின்கள் மயிரிழை அளவு உரசுகின்றன, பூச்சு தேய்ந்து ஆக்சைடு படிகிறது. வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும், உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும். இந்த சர்க்யூட்டில் ஓடுவது மிகக் குறைந்த கரண்ட், மாட்யூல் (சென்சாரைப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) ஏற்றுக்கொள்ளும் வரம்பும் குறுகியது. அதனால் கொஞ்சம் மாறினாலே ஃபால்ட் பதிவாகிவிடும். ரெயிலில் வயர் நசுங்கியிருப்பதும் சகஜம்.

முதலில் ஏர்பேக் யூனிட்டோடு பேசக்கூடிய ஸ்கேனரை மாட்டி, லைவ் டேட்டாவைப் பார்த்துக்கொண்டே சீட்டை நகர்த்துங்கள். எந்த இடத்தில் அளவு குதிக்கிறது என்று தெரிந்துவிடும். கையால் வயரை ஆட்ட வேண்டாம். அப்புறம் இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் யூனிட்டுக்குள் கப்பாசிட்டர் இருக்கிறது, பேட்டரி போனாலும் கொஞ்ச நேரம் வெடிக்க வைக்கும் சக்தி அதில் மிச்சமிருக்கும். அதற்குப் பிறகு கனெக்டரைப் பிரித்து, பச்சை பூத்திருக்கிறதா, பின் பின்னால் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்ப்பதென்றால் சென்சார் வயரில் மட்டும், அதுவும் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு. கனெக்டர் பிரிந்திருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் புதுசாக ஒரு ஃபால்ட் கோடு (code, கோளாறு எண்) பதிவாகி உங்களையே குழப்பும்.

கேள்வி: போனில் இணைக்கும் சின்ன ஓபிடி கருவி "கோடு இல்லை" என்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது.

பதில்: அது பெரும்பாலும் ஆங்கில எழுத்து P-யில் தொடங்கும் இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். ஏர்பேக் கோடுகள் ஆங்கில எழுத்து B-யில் தொடங்குபவை. வேறு ஸ்கேனர் வேண்டும்.

கேள்வி: சீட் கவர் மாற்றிய பிறகு, பெரியவர் உட்கார்ந்தாலும் "பயணி ஏர்பேக் ஆஃப்" விளக்கு எரிகிறது.

பதில்: இது எலெக்ட்ரிக்கல் கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். சில கார்களில் சீட் சட்டத்தின் மூலைகளில் எடை சென்சார்கள், சிலவற்றில் குஷனுக்கடியில் திரவப் பையும் பிரஷர் சென்சாரும், சிலவற்றில் சீட்டின் மின்புலத்தை உடல் மாற்றுவதை உணரும் அமைப்பு. இறுக்கமான கவர், தடித்த மெத்தை, ஈரமான குஷன், சீட்டுக்கடியில் சிக்கிய பை, பின்னால் இருப்பவர் முழங்காலால் சீட்டைத் தூக்குவது, எல்லாமே கணக்கைக் கெடுக்கும். கவரைக் கழற்றிப் பாருங்கள். சீட்டையே கழற்றி மாட்டியிருந்தால் பல மாடல்களில் ஸ்கேனர் வழியாக ஜீரோ காலிபரேஷன் (காலி சீட்டைப் பூஜ்யமாகக் கணக்கில் வைப்பது) செய்தாக வேண்டும்.

கேள்வி: சீட்டில் தண்ணீர் கேன் வைத்தால் பெல்ட் பீப் அடிக்கிறது. இது குழந்தை சென்சாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை, பெல்ட் நினைவூட்டும் சுவிட்ச்தான். கேனைக் கீழே வையுங்கள்.

கேள்வி: மேட்டுக்குப் பதில் எமுலேட்டர் (சென்சார் போலவே சிக்னல் கொடுக்கும் பெட்டி) மாட்டினால் விளக்கு அணைந்துவிடுமாமே? என் பிள்ளை எப்போதும் பின் சீட்டில்தான்.

பதில்: அணையும். "பெரியவர் உட்கார்ந்திருக்கிறார்" என்று அந்தப் பெட்டி ஏர்பேக் யூனிட்டிடம் ஓயாமல் பொய் சொல்லும். நாளைக்குக் காரை விற்கிறீர்கள், வாங்கியவர் பின்னோக்கிய குழந்தை சீட்டை முன்னால் கட்டுகிறார், டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. குழந்தையின் தலை இருப்பது பை வெடிக்கும் இடத்துக்கு நேர் முன்னால்.

கேள்வி (அதே நண்பர்): பழைய கார்களில் இந்த சென்சாரே கிடையாதே, எல்லாரும் ஓட்டவில்லையா?

பதில்: ஓட்டினார்கள், குழந்தைகளும் செத்தார்கள். 1990களில் அமெரிக்காவில் முன் சீட்டுக் குழந்தைகள் ஏர்பேக் அடித்தே இறந்ததால்தான் அங்கே விதி மாறி, 2003 செப்டம்பர் முதல் மூன்றாண்டுகளில் படிப்படியாக இது புதுக் கார்களுக்கு வந்தது. பழைய காரில் சென்சார் இல்லை என்று ஓட்டுபவருக்குத் தெரியும். உங்கள் கார் இருப்பதாக நடிக்கும்.

கேள்வி (இன்னொருவர்): விளக்கு எரிந்தால் ஏர்பேக்கே வேலை செய்யாது. அதற்கு எமுலேட்டர் மேல் அல்லவா?

பதில்: நியாயமான வாதம்தான், ஆனால் பாதிதான் சரி. கோளாறு வந்தால் சில கார்கள் பயணி ஏர்பேக்கை அணைக்கும், சில அப்படியே இயக்கத்தில் விடும். எது என்று உங்கள் கையேட்டில் பாருங்கள். பழுது பார்க்கும்வரை முன் சீட்டில் குழந்தை வேண்டாம். இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

கேள்வி: எனக்கும் சீட் நகர்த்தினால் விளக்கு வருகிறது...

பதில்: முதல் பதில்.

கேள்வி: பழைய காரிலிருந்து கழற்றிய மேட் போடலாமா?

பதில்: திரவப் பை வகையில் பை, சென்சார், குஷன், மாட்யூல் நான்கையும் ஒன்றாகக் காலிபரேட் செய்து ஒரே செட்டாகத் தருவார்கள். பையை மட்டும் மாற்றினால் எடைக் கணக்கு பொருந்தாது. மற்ற வகைகளுக்கு பார்ட் நம்பர் பாருங்கள்.

கேள்வி: ஏர்பேக் வயரில் ஓம்ஸ் பார்த்தால் எவ்வளவு வர வேண்டும்?

பதில்: மீட்டரைக் கீழே வையுங்கள். அது தானே ஒரு கரண்ட் அனுப்பும், அதுவே பையை வெடிக்க வைக்கலாம். ஸ்கேனரிலேயே அந்த அளவு காட்டும்.