கடமைகள் முடிந்தபிறகு பிடித்தமாதிரி வாழலாம் என்று தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம்?

நஷ்டம் உடனே தெரியாது, அதுதான் சிக்கலே. ஓய்வுபெற்றபின் இசை கற்கலாம் என்பவர் கற்கலாம்தான், ஆனால் முப்பது வருடம் வாசித்துப் பழகிய கை அப்போது கிடைக்காது, கூட உட்கார்ந்து கேட்க ஆசைப்பட்டவர்களும் இருப்பார்களா என்பது சந்தேகம்.

பிறகு நேரம் இருக்கும் என்ற நினைப்பே பெரும்பாலும் தப்புக்கணக்கு. வருங்காலத்தில் பணத்தைவிட நேரம் தாராளமாகக் கிடைக்கும் என்று மக்கள் நம்புவதை 2005-இல் சாபர்மன், லிஞ்ச் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிலோவிச், மெட்வெக் இருவரும் 1990-களில் செய்த ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்கின்றன: செய்து சொதப்பியது கொஞ்சகாலம் உறுத்தும், வருடக்கணக்கில் உறுத்துவது பெரும்பாலும் செய்யாமல் விட்டதுதான்.

அதற்காக வேலையை உதறச் சொல்லவில்லை (கடன் இருப்பவரிடம் அப்படிச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு). வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தொடங்குங்கள், ஒத்துவராவிட்டால் அதுவும் சீக்கிரமே தெரிந்துவிடும்.